பெயரை மறைத்தார், முகத்தை மறைக்கவில்லை: 'சீக்ரெட் சாண்டா' லாரி ஸ்டூவர்ட் பற்றிப் பேசுவோம்

பாலாற்றங்கரை:

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் 26 ஆண்டுகள் தன் பெயரைச் சொல்லாமலே முன்பின் தெரியாதவர்களுக்குப் பணம் கொடுத்துவந்த ஒருவரைப் பற்றி இந்த இழையைத் தொடங்குகிறேன். பெயர் லாரி ஸ்டூவர்ட். ஊருக்கு அவர் 'சீக்ரெட் சாண்டா', அதாவது ரகசியக் கிறிஸ்துமஸ் தாத்தா மட்டும்தான். மொத்தம் சுமார் 13 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறார். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது துணி துவைக்கும் கடை, பழைய துணிக்கடை, சிறிய உணவகம் என்று ஏழைகள் வந்துபோகும் இடங்களுக்குப் போவார். 100 டாலர் தாளைக் கையில் வைத்து, வாழ்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். யார், எவர் என்று யாருக்கும் தெரியாது.

இது தொடங்கிய விதத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1979, கிறிஸ்துமஸ் நேரம். அவருக்கு அப்போதுதான் வேலை போயிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டும் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் வேலை போனது. காரில் உட்கார்ந்தபடியே சாப்பாடு வாங்கும் ஓர் உணவகத்தில் வண்டியை நிறுத்தினார். சாப்பாட்டைக் கொண்டுவந்த பெண் அந்தக் குளிருக்குப் போதாத ஒரு ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். நம் நிலைமைதான் மோசம் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, இந்தப் பெண் சில்லறைக் காசுக்காக இந்தக் குளிரில் நிற்கிறாரே என்று தோன்றியதாம். 20 டாலர் தாளைக் கொடுத்து, மீதியை வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் பெண்ணின் உதடு நடுங்கியது, கண்ணீர் வழிந்தது. இது எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்குத் தெரியாது என்றார்.

லாரி அங்கிருந்து நேராக வங்கிக்குப் போனார். 200 டாலர் எடுத்தார். அன்றே காரில் சுற்றி, கஷ்டப்படுகிறவர் என்று கண்ணில் பட்டவர்களுக்கு 5, 10 டாலர் தாள்களாகக் கொடுத்தார். வேலை இல்லாத மனிதர், நினைவில் வையுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். 26 ஆண்டுக் கொடையைத் தொடங்கிவைத்தது அந்தப் பெண்ணின் நன்றி. அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போயிருந்தால் லாரியும் வீட்டுக்குப் போயிருப்பார். நாம் கொடுப்பவரை மட்டும் கொண்டாடுகிறோம். வாங்கியவர் மனம் நெகிழ்ந்து சொன்ன ஒரு வார்த்தைக்கும் இதில் சம பங்கு இருக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தேன்சிட்டு:

அண்ணா, படித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனால் ஒரு சந்தேகம். வேலை போனவரிடம் அப்புறம் எப்படி அவ்வளவு பணம் வந்தது? கொடுக்கும் மனம் அன்றைக்குத்தான் வந்ததா, அதற்கு முன்னாலேயே இருந்ததா?

பாலாற்றங்கரை:

நல்ல கேள்வி தேன்சிட்டு. பணம் கேபிள் டிவி தொழிலிலும் தொலைதூரத் தொலைபேசிச் சேவையிலும் வந்தது. பின்னாளில் கோடீஸ்வரர்தான். ஆனால் கொடுக்கத் தொடங்கியது பணம் வருவதற்கு முன்னால்.

மனம் எங்கிருந்து வந்தது என்றால், 1971க்குப் போக வேண்டும். லாரி 1948இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர், தாத்தா பாட்டியிடம் வறுமையில் வளர்ந்தவர். 1971இல் அவர் வேலை பார்த்த நிறுவனம் இழுத்து மூடப்பட்டது, சம்பளம் வரவில்லை. கையில் காசில்லாமல் மிசிசிப்பியில் ஹூஸ்டன் என்ற சின்ன ஊரில் மாட்டிக்கொண்டார் (டெக்சாஸில் இருக்கும் பெரிய ஹூஸ்டன் அல்ல). தூக்கம் காருக்குள். ஒரு தேவாலயத்தில் போய் உதவி கேட்டார். உதவி செய்யும் பொறுப்பில் இருப்பவர் இன்று கிளம்பிவிட்டார், நாளைக்கு வாருங்கள் என்றார்கள்.

பசி தாங்காமல் டிக்ஸி டைனர் என்ற உணவகத்தில் உட்கார்ந்து வயிறு நிறையக் காலைச் சாப்பாடு சாப்பிட்டார். பில் வந்தபோது பர்ஸைத் தொலைத்துவிட்டதுபோலப் பாக்கெட்டைத் தடவி நடித்தார். கடைக்காரர் டெட் ஹார்ன் வெளியே வந்து, இவர் உட்கார்ந்திருந்த இடத்தருகே குனிந்து, தரையில் கிடந்ததை எடுப்பதுபோல ஒரு 20 டாலர் தாளை நீட்டினார். 'இதை நீங்கள்தான் கீழே போட்டிருப்பீர்கள்' என்றார். லாரி அந்தக் காசிலேயே பில்லைக் கட்டினார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பெட்ரோல் போட்டு ஊரைவிட்டுக் கிளம்பினார். பாதி வழியில்தான் புரிந்தது, யாரும் எதையும் கீழே போடவில்லை என்று.

டெட் ஹார்ன் அங்கே கொடுத்தது சாப்பாட்டுக் காசு மட்டும் இல்லை. கையேந்த வேண்டிய நிலையிலிருந்தே அவரைக் காப்பாற்றிவிட்டார். நன்றி சொல்ல வேண்டிய சங்கடத்தைக்கூட வைக்கவில்லை. லாரி பின்னாளில் ஏன் யாரையும் மனு எழுதவைக்கவில்லை, வரிசையில் நிற்கவைக்கவில்லை என்பதற்கு இந்த இரண்டு சம்பவமும் சேர்ந்துதான் பதில். தேவாலயத்தில் கேட்க வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை. உணவகத்தில் கேட்கவே இல்லை, கிடைத்தது.

1999இல் லாரி டெட் ஹார்னைத் தேடிப் போய்ப் பார்த்தார். தான் யார் என்று சொல்லி 10,000 டாலரைக் கொடுத்தார். 28 ஆண்டு கழித்துச் சொன்ன நன்றி அது.

கணக்குப்பிள்ளை:

நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இரண்டு விஷயம் உறுத்துகிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: கண்ணீரைப் பார்க்கத்தான் கொடுத்தாரா? பெயரை மறைத்தாலும், எதிரே இருப்பவர் அழுவதையும் கட்டிப்பிடிப்பதையும் நேரில் நின்று வாங்கிக்கொண்டார். அதுவும் ஒரு வகைக் கூலிதானே. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். இங்கே பத்திரிகைக்காரர்களும் கூடவே போயிருக்கிறார்கள்.

இரண்டு: 100 டாலர் ஒரு வாரம் தாங்கும். அதன் பிறகு? அதே 13 லட்சத்தில் எத்தனை பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கலாம்? யாருக்குத் தேவை என்று விசாரிக்காமல் கண்ணில் பட்டவருக்குக் கொடுப்பது மனத்திருப்திக்கு நல்லது. தேவைக்கு நல்லதா?

மிசௌரிக்காரன்:

நான் வெகு காலமாகக் கேன்சஸ் சிட்டி பக்கத்தில் இருக்கிறேன். இங்கே இந்தக் கதை தெரியாதவர் குறைவு. கணக்குப்பிள்ளை ஐயா கேட்டதற்கு என் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

பத்திரிகைக்காரர்கள் போனது உண்மை. பெயரையும் முகத்தையும் வெளியிடக்கூடாது என்ற உறுதியின் பேரில்தான் அழைத்துப்போனார். அவர்களும் ஆண்டுக்கணக்கில் அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். விளம்பரத்துக்கு என்றால் தன் பெயரைப் போடச் சொல்லியிருக்க மாட்டாரா? செய்தி வந்தால் படிக்கிற இன்னொருவருக்கும் கொடுக்கத் தோன்றும் என்பதுதான் கணக்கு. அது பலித்தும் இருக்கிறது. அவர் இறந்த பிறகும் இங்கே கொடை நிற்கவில்லை. இன்னொருவர், அவரும் பெயர் சொல்லாதவர், டிசம்பர் மாதங்களில் 100 டாலர் தாள்களைக் கொடுக்கிறார். ஜாக்சன் கவுண்டி ஷெரிஃப் அலுவலக அதிகாரிகள் கையிலும் கொடுத்து விநியோகிக்கச் சொல்கிறார். பழைய வண்டியில் போகிற ஒருவரைப் போலீஸ் நிறுத்தும்போது அபராதம்தான் என்று பயந்து கண்ணாடியை இறக்குவார். அதிகாரி கையில் பணத்தை வைப்பார். கொடுக்கும் அதிகாரியே கண் கலங்கி நிற்பதை உள்ளூர்ச் செய்தியில் பார்த்திருக்கிறேன்.

லாரியோடு கூடப் போனவர்களுக்கு 'எல்ஃப்' என்று பெயர், அதாவது சாண்டாவின் உதவியாளர்கள். அப்போது ஜாக்சன் கவுண்டி ஷெரிஃபாக இருந்த டாம் பிலிப்ஸ் அதில் ஒருவர். கறுப்பின பேஸ்பால் ஜாம்பவான் பக் ஓ'நீலும் கூடப் போயிருக்கிறார்.

இன்னொன்று, அவர் கேன்சஸ் சிட்டியோடு நிற்கவில்லை. 2001 தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க் போனார். 2005இல் கத்ரீனா புயல் அடித்தபின் தன் பிறந்த மாநிலமான மிசிசிப்பிக்குப் போனார். வீடு இழந்து நிற்பவரிடம் ரேஷன் கார்டு கேட்காமல் கையில் ரொக்கம் வைப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்பது வெள்ளத்தைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்.

நெய்தல்:

கணக்குப்பிள்ளை சொல்வதற்குப் பொருத்தமான ஆள் ஒருவர் உண்டு. சக் ஃபீனி. முகமும் காட்டாமல், நன்றியும் வாங்காமல், அதே நேரம் திட்டமிட்டுக் கொடுத்தவர்.

1931இல் நியூஜெர்சியில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். கொரியப் போர்க் காலத்தில் விமானப்படையில் இருந்து, அரசு உதவியோடு கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஓட்டல் நிர்வாகம் படித்தார். மாணவர்களுக்கு சாண்ட்விச் விற்றுச் செலவைச் சமாளித்தார். 1960இல் நண்பர் ராபர்ட் மில்லரோடு சேர்ந்து தொடங்கியதுதான் விமான நிலையங்களில் நாம் பார்க்கும் டியூட்டி ஃப்ரீ ஷாப்பர்ஸ். 1982இல் பெர்முடாவில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, 1984இல் நிறுவனத்தில் தன் பங்கு முழுவதையும், 38.75 சதவீதம், சத்தமில்லாமல் அதற்கு மாற்றிவிட்டார். பத்திரிகைகள் அவரைப் பெரும் பணக்காரர் பட்டியலில் போட்டுக்கொண்டிருந்தன. சொந்தப் பெயரில் அவரிடம் அந்தச் சொத்தே இல்லை.

பணம் வாங்கிய கல்லூரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் யார் கொடுத்தது என்று தெரியாது. தெரிந்தவர்களும் வெளியே சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. எந்தக் கட்டடத்திலும் அவர் பெயர் கிடையாது. 1997இல் நிறுவனப் பங்கை விற்றபோது விஷயம் எப்படியும் வெளிவந்துவிடும் என்ற நிலை வந்ததால்தான் அவரே நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையிடம் சொன்னார். மொத்தம் 800 கோடி டாலர் கொடுத்து முடித்து, 2020 செப்டம்பரில் அறக்கட்டளையையே மூடினார். வாடகை வீடு, மலிவான கேசியோ கடிகாரம், பிளாஸ்டிக் பையில் காகிதங்கள். 2023இல் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார்.

இந்த மனிதர் முன்னால் எனக்குப் பேச்சே வராது. யாருடைய கண்ணீரும் தேவைப்படாமல் கொடுத்தார்.

பாலாற்றங்கரை:

நெய்தல், ஃபீனியைக் கொண்டுவந்ததற்கு நன்றி. எனக்கும் அவர்மேல் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் யாருடைய நன்றியும் தேவைப்படவில்லை என்று முடித்துவிட முடியுமா? 2012 செப்டம்பரில் டப்ளின் கோட்டையில் என்ன நடந்தது என்று பாருங்கள். வடக்கு, தெற்கு என்று பிரிந்து கிடக்கும் அயர்லாந்துத் தீவின் எல்லாப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அவருக்கு ஒரே டாக்டர் பட்டத்தைக் கொடுத்தன. அதுவரை அப்படி எல்லாரும் சேர்ந்து யாருக்கும் கொடுத்ததில்லை. எத்தனையோ கௌரவங்களைத் தவிர்த்தவர், இதற்கு வந்து நின்றார். அங்கே எழுந்து நின்றவர்கள் அவர் பணத்தில் கட்டிய நூலகத்தையும் ஆய்வகத்தையும் ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்தியவர்கள். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமலே இருந்தவர்கள். ஒருவர் நன்றியை எதிர்பார்க்காமல் கொடுப்பது வேறு. வந்த நன்றியை வாங்க மறுப்பது வேறு. இரண்டாவதை நான் உயர்வாக நினைக்கவில்லை.

கணக்குப்பிள்ளை ஐயா, கூலி என்றீர்கள். கூலி என்றால் பேசி வைத்திருக்க வேண்டும். அந்தப் பெண் அழுவார் என்று லாரிக்குத் தெரியாது. எதிர்பாராமல் வந்தது அவரை அசைத்தது. அந்த அசைவை அவர் மறைக்கவில்லை, அவ்வளவுதான். ஒருவர் உங்கள் எதிரில் உடைந்து அழும்போது அதைக் கல்லாக நின்று பார்ப்பதுதான் தூய கொடை என்றால், அந்தத் தூய்மை எனக்கு வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

சரி, கூலி என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அளவைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. எனக்குப் பிடித்த உதாரணத்தைச் சொல்கிறேன்.

மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்று ஒரு நகரம். தொழிற்சாலைகள் குறைந்து தளர்ந்துபோன ஊர். 2005 நவம்பர் 10ஆம் தேதி பள்ளி வாரியக் கூட்டத்தில் ஓர் அறிவிப்பு வந்தது: இந்த ஊர் அரசுப் பள்ளிகளில் படித்து முடிக்கும் பிள்ளைகளுக்கு மிச்சிகன் அரசுக் கல்லூரிகளில் கட்டணம் கட்டப்படும். மதிப்பெண் பார்க்க மாட்டோம், வருமானச் சான்றிதழ் கேட்க மாட்டோம். ஆரம்ப வகுப்பிலிருந்தே அங்கே படித்தவருக்கு 100 சதவீதம். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவருக்கு 65 சதவீதம். கொடுப்பவர்கள் யார்? பெயர் சொல்லமாட்டார்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் அழுதார்கள், பெற்றோர்கள் தெருவில் கொண்டாடினார்கள். பெயர்கள் இன்றுவரை அறிவிக்கப்படவில்லை.

இங்கே நன்றி எங்கே போகிறது? ஒரு முகத்துக்குப் போகவில்லை. மொத்த ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. ஆசிரியர்கள் இன்னும் அக்கறையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஊர்க்காரர்கள் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க வருகிறார்கள். கொடுத்தவர்கள் அதே ஊரில் அடுத்த வீட்டில் இருக்கக்கூடும் என்ற எண்ணமே மனிதர்களைப் பண்பாக நடக்கவைக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு இதுதான் சிறந்த வழி.

மலையருவி:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எல்லாரும் கொடுப்பவர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். நான் வாங்கியவன் பக்கத்திலிருந்து பேச வேண்டும்.

எங்கள் ஊர் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது அப்பா படுத்த படுக்கை. கவுன்சலிங்கில் இடம் கிடைத்தது, கட்டணம் கட்ட வழியில்லை. தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, "தம்பி, உன் கட்டணத்தை ஒருத்தர் கட்டிட்டார். யாருன்னு கேட்காதே, படி" என்றார். முதல் ஆண்டு மட்டும் இல்லை, நான்கு ஆண்டும் வந்தது. நான் ஒரு நாளும் அவரைப் பார்த்ததில்லை.

கணக்குப்பிள்ளை ஐயா, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் வாழ்வது எப்படி இருக்கும் என்று வாங்கியவனுக்குத்தான் தெரியும். ஊரில் நன்றாக உடுத்திய பெரியவர் யாரைப் பார்த்தாலும் இவராக இருக்குமோ என்று எழுந்து நின்றிருக்கிறேன். முதல் சம்பளம் வந்த அன்று அம்மா கையில் கொடுத்தேன். அவர் பாதியை எடுத்து வைத்து, "அந்த மனுஷனுக்கு ஒரு வேட்டி சட்டை எடுக்கணும்டா" என்றார். எங்கே போய்க் கொடுப்பது? அந்த வேட்டி இன்னும் பீரோவில் இருக்கிறது.

அவர் மறைந்து நின்றது என் மானத்தைக் காப்பாற்றியது. அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வகுப்பில் யாருக்கும் தெரியாமல் தலை நிமிர்ந்து படித்தேன். ஆனால் படிப்பு முடிந்த பிறகாவது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எதிரில் வந்து நின்றிருக்கலாம் என்று இன்றும் ஏக்கமாக இருக்கிறது. எனக்காக மட்டும் இல்லை. அவர் செய்தது எப்படி விளைந்திருக்கிறது என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டாமா?

இளவேனில்:

மலையருவி, உங்கள் பதிவை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

தேன்சிட்டு:

மலையருவி அண்ணா சொன்னதும் ஜப்பானில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. 2010 டிசம்பர் 25 அன்று குன்மா மாகாணத்தில் மாயபாஷி நகரின் குழந்தைகள் நல மையத்து வாசலில் பத்துப் புத்தகப்பைகள் இருந்தன. ராண்டோசெரு என்று சொல்வார்கள், ஆரம்பப் பள்ளியில் சேரும் பிள்ளைகள் ஆறு ஆண்டும் சுமக்கும் கெட்டியான பை, விலை அதிகம். கூட வைத்திருந்த சீட்டில் 'நாவோதோ தாதே' என்று கையெழுத்து. டைகர் மாஸ்க் என்ற படக்கதையில் வரும் மல்யுத்த வீரனின் பெயர் அது. அநாதை இல்லத்தில் வளர்ந்து, ஜெயித்த பணத்தை ரகசியமாக அந்த இல்லத்துக்கே கொடுப்பவன்.

அதற்கு அடுத்த சில வாரங்களில் ஜப்பானில் இருக்கும் 47 மாகாணங்களிலும் அதே பெயரில் பைகள், பென்சில்கள், பொம்மைகள், பணம் என்று வாசல்களில் வந்து விழ ஆரம்பித்தன. யாரும் யாருக்கும் சொல்லிவைக்கவில்லை.

முதலில் வைத்தவர் 2016 டிசம்பரில்தான் தோக்கியோவில் ஒரு மல்யுத்த மேடையில் தன்னை வெளிப்படுத்திக்கொண்டார். சாதாரண வேலை பார்க்கும் நடுத்தர வயதுக்காரர். சின்ன வயதில் அவருக்கு அந்தப் பை வாங்கிக்கொடுக்க ஆள் இல்லை. அதனால்தான் பையைத் தேர்ந்தெடுத்தார். லாரியும் தான் பட்ட கஷ்டம் எதுவோ அதைத்தான் பிறருக்குத் தீர்த்தார், இல்லையா?

ஆய்வுமேசை:

பாலாற்றங்கரை முதல் பதிவில் சொன்னதற்கு ஆதரவாக ஓர் ஆய்வு இருக்கிறது. ஆடம் கிராண்ட், ஃபிரான்செஸ்கா ஜீனோ இருவரும் 2010இல் வெளியிட்டது. ஒரு மாணவரின் வேலை விண்ணப்பக் கடிதத்தைத் திருத்திக் கொடுக்கும்படி ஆட்களிடம் கேட்டார்கள். திருத்திய பிறகு பாதிப் பேருக்குக் கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில். மீதிப் பேருக்கு மனமார்ந்த நன்றியோடு பதில். பிறகு அதே மாணவர் இன்னொரு கடிதத்துக்கு உதவி கேட்டபோது, நன்றி பெறாதவர்களில் 32 சதவீதம் பேர் உதவினார்கள். நன்றி பெற்றவர்களில் 66 சதவீதம்.

இந்த இழைக்கு முக்கியமானது அடுத்த சோதனை. இந்த முறை உதவி கேட்டது வேறொரு மாணவர். நன்றி சொன்னவர் வேறு, இப்போது கேட்பவர் வேறு. அப்போதும் நன்றி பெறாதவர்களில் 25 சதவீதம் பேரும், பெற்றவர்களில் 55 சதவீதம் பேரும் உதவினார்கள். அதாவது ஒருவர் சொன்ன நன்றியின் பலன் முன்பின் தெரியாத இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த உணவகப் பெண் சொன்ன வார்த்தை கேன்சஸ் சிட்டியின் தெருக்களுக்குப் போனது இப்படித்தான். தங்கள் உதவி மதிக்கப்பட்டது என்ற உணர்வுதான் அவர்களை மறுபடி உதவவைத்தது என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெருமையடித்துக்கொள்ளும் ஆசை என்று அதைச் சுருக்க முடியாது.

வடகரை வாசகி:

மலையருவி தம்பி ஏக்கம் என்று சொன்னதைப் படித்ததும் நிக்கோலஸ் விண்டனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் கொடுத்தது பணத்தைவிடப் பெரியது, உயிர்.

1938-39இல் ஹிட்லர் செக்கோஸ்லோவாக்கியாவை விழுங்கிக்கொண்டிருந்த நேரம். லண்டனில் பங்குத் தரகராக இருந்த 29 வயது இளைஞர் பிராகுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, யூதக் குழந்தைகளை பிரிட்டனுக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு குழந்தைக்கும் வளர்ப்புக் குடும்பம் பிடிக்க வேண்டும், 50 பவுண்டு உத்தரவாதத் தொகை கட்ட வேண்டும். 669 குழந்தைகள் ரயிலில் வந்து சேர்ந்தார்கள். 1939 செப்டம்பர் 1 அன்று கிளம்ப வேண்டிய கடைசி ரயில், சுமார் 250 குழந்தைகளோடு, கிளம்பவே இல்லை. அன்றுதான் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. அந்த ரயிலுக்குக் காத்திருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லாரும் பிழைக்கவில்லை.

அதன் பிறகு கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அவர் இதைப் பற்றிப் பெரிதாக யாரிடமும் பேசவில்லை. வீட்டில் கிடந்த ஒரு பழைய ஆல்பத்தில் குழந்தைகளின் பெயர்களும் படங்களும் இருந்தன. அது வெளியே போய், 1988இல் பிபிசி நிகழ்ச்சி ஒன்றில் அவரைப் பார்வையாளராக உட்காரவைத்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் அவர் காப்பாற்றிய குழந்தை. பிறகு இன்னொரு நாள் அதே அரங்கில், இவரால் உயிர் பிழைத்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா என்று நிகழ்ச்சி நடத்துபவர் கேட்டார். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அவர் திரும்பிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட காட்சி இணையத்தில் இருக்கிறது.

எழுந்து நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலோருக்கு அதுவரை தங்களைக் காப்பாற்றியது யார் என்றே தெரியாது. தம்பி மாதிரியே இருந்திருப்பார்கள். விண்டனும் வந்த நன்றியைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. பிராகில் தங்கியிருந்து ஆபத்தான வேலையைச் செய்தவர்கள் ட்ரெவர் சாட்விக், டோரீன் வாரினர் போன்றவர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் வெளிவந்ததால்தான் அவர்களுக்கும் நன்றி போய்ச் சேர்ந்தது. 2015இல் 106 வயதில் இறந்தார்.

பாலாற்றங்கரை:

வடகரை அக்கா, நன்றி. இந்தக் கோணம் எனக்குப் புதிது. ஒருவர் கடைசிவரை ஒளிந்தே இருந்தால், அவரோடு உழைத்தவர்களும் சேர்ந்தே மறைந்துபோகிறார்கள்.

லாரியின் கடைசி ஆண்டையும் சொல்லிவிடுகிறேன். 2006 ஏப்ரலில் அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்தது. அதே ஆண்டு ஒரு பரபரப்புப் பத்திரிகை அவர் பெயரை வெளியிடப்போகிறது என்று தெரியவந்ததும், நவம்பரில் அவரே முன்வந்து தான்தான் சீக்ரெட் சாண்டா என்று சொல்லிவிட்டார். வேறு யாரோ கொச்சையாக எழுதுவதைவிடத் தன் வாயால் சொல்வது நல்லது என்று நினைத்திருக்கலாம். டெட் ஹார்ன் கதை பரவலாக ஊருக்குத் தெரிந்ததும், 20 டாலர் என்ன செய்யும் என்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடப் புரிந்ததும் அவர் வாய் திறந்ததால்தான்.

பெயர் தெரிந்ததும் நன்றிக் கடிதங்கள் வந்து குவிந்தன. அந்த டிசம்பரில் சிகிச்சைக்கு நடுவிலும் கேன்சஸ் சிட்டியில் பணம் கொடுத்தார். அவர் பழக்கிவிட்ட மற்ற சாண்டாக்களும் சேர்ந்துகொண்டார்கள். 2007 ஜனவரி 12 அன்று 58 வயதில் இறந்தார். பெயர் வெளியான பிறகு அவருக்குக் கிடைத்தது இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை. 26 ஆண்டாக நின்று பேசாமல் நகர்ந்துபோனவருக்கு அந்தச் சில வாரங்களாவது கிடைத்ததே என்று எனக்கு ஆறுதல்.

கணக்குப்பிள்ளை:

மலையருவி தம்பி, உங்கள் பதிவைப் பலமுறை படித்தேன். கலமசூ திட்டத்தின்மேல் எனக்கு இருக்கும் மதிப்பு குறையவில்லை. பெரிய அளவில் கொடுக்க அதுதான் வழி என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்தத் தலைமை ஆசிரியர் இருக்கிறாரா? அவருக்குக் கொடுத்தவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டுமே. பெயரைக் கேட்க வேண்டாம், அது அவர் வாக்கு. ஒரு கடிதத்தை அவர் வழியாகச் சேர்க்கச் சொல்லலாம் அல்லவா?

மலையருவி:

ஐயா, சார் ஓய்வுபெற்றுப் பக்கத்து ஊரில்தான் இருக்கிறார். கடிதம் எழுதலாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். மறைந்து நிற்க விரும்புகிறவரைத் தொந்தரவு செய்வதாகிவிடுமோ, என்ன எழுதினாலும் சின்னதாகத் தெரியுமோ என்று கை நின்றுவிடும்.

ஆய்வுமேசை:

இதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள் மலையருவி. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி 2018இல் வெளியிட்ட ஆய்வு. நன்றிக் கடிதம் எழுதுபவர்கள், வாங்குபவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். வாங்கியவர்களுக்கு உண்மையில் கிடைத்த மகிழ்ச்சி, எழுதியவர்கள் நினைத்ததைவிட அதிகம். எழுதுபவர் வார்த்தை சரியாக வந்ததா என்று கவலைப்படுகிறார். வாங்குபவர் அதில் இருக்கும் அன்பைத்தான் பார்க்கிறார். தயங்காதீர்கள்.

வடகரை வாசகி:

தம்பி, கடிதத்தில் நன்றி என்று ஒரு வரி போதும். மீதிப் பக்கத்தில் என்ன படித்தாய், இப்போது என்ன வேலை, அப்பா எப்படி இருக்கிறார், வீட்டில் யார் யார், எல்லாம் எழுது. அவர் போட்ட பணம் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளட்டும். திரும்பப் பணம் தருகிறேன் என்று மட்டும் எழுதாதே. பதில் எதிர்பார்க்கிறேன் என்றும் எழுதாதே. அம்மா எடுத்து வைத்த வேட்டி சட்டையையும் சேர்த்து சார் கையில் கொடு.

மலையருவி:

சரி அக்கா. ஞாயிற்றுக்கிழமை சார் வீட்டுக்குப் போகிறேன், அம்மாவும் வருகிறார். அப்பா தவறிப் பல வருடம் ஆகிவிட்டது, அதையும் எழுதுகிறேன். நான் கடைசி செமஸ்டர் கட்டணம் கட்டிய ரசீதை வைத்திருக்கிறேன், அதன் நகலையும் வைக்கலாமா?

வடகரை வாசகி:

வை. கூடவே உன் முதல் சம்பளச் சீட்டு இருந்தால் அதையும் வை.